படிவு யாருடையது

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் ஓடி நின்ற பிறகு குழாயை வெளியே எடுத்தால் அதன் அடியில் பெரும்பாலும் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது. அதனால்தான் ஓட்டுவதற்கு முன்பே, சாய்ந்த ரோட்டரில் குழாயின் எந்தப் பக்கம் வெளிப்புறம் பார்த்திருக்குமோ அந்தப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு சிறு வட்டம் போட்டுவைப்பார்கள். எதிரெதிரே உட்காரும் இரண்டு குழாய்களும் தராசில் ஒரே எடை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உப்புக்கரைசலைத் துளித்துளியாக விட்டுச் சமன்செய்ய வேண்டும். ஓடி முடிந்ததும் மேலே நிற்கும் திரவத்தை ஒரே வீச்சில் கவிழ்த்துக் கொட்டி, குழாயைத் தலைகீழாகப் பிடித்தபடியே உட்சுவரின் ஈரத்தை மெல்லிய தாளால் ஒற்றி எடுத்து, வட்டம் போட்ட இடத்தைக் குறிவைத்து 100 மைக்ரோலிட்டர் கரைசலைப் பாய்ச்சிக் கலக்குவார்கள். அங்கே ஏதோ படிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்யும் வேலை அது. கலக்கி எடுத்தது இன்னொரு சிறு குழாய்க்குப் போகிறது. அதன்மேல் ஒட்டும் சீட்டில் நோயாளியின் குறியீட்டு எண்ணும் 'நுண்பைகள்' என்ற சொல்லும் ஏறுகின்றன. மனத்தை உறுத்துவது அந்தச் சீட்டு ஒட்டப்படும் கணம்தான். லுக்கீமியா நோயாளி ஒருவரின் கையிலிருந்து எடுத்த இரத்தம் எந்த இடத்தில், எத்தனையாவது சுழற்சியில், லுக்கீமியா செல் வெளியிட்ட நுண்பையாக மாறியது?

செல்கள் வெளியே விடும் இந்தச் சவ்வுப் பைகளில் சிறியவற்றின் குறுக்களவு 30 முதல் 150 நானோமீட்டர் வரை. ஒரு சிவப்பணுவின் அகலத்தில் ஐம்பதுக்குக் குறையாமல் வரிசையாக நிற்கும். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாதவை என்பதால், இவற்றைப் பிரிப்பதும் இவற்றைக் காண்பதும் தொடக்கத்திலிருந்தே ஒரே செயலாக இருந்துவந்திருக்கின்றன. 1946இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எர்வின் சார்காஃபும் ராண்டால்ஃப் வெஸ்டும் இரத்தம் உறைவதை ஆராய்ந்தார்கள். டிஎன்ஏவின் காரங்களுக்கு இடையிலான விகித விதிகளால் பின்னாளில் பெயர்பெற்ற அதே சார்காஃப்தான். பிளாஸ்மாவைப் புவியீர்ப்பைவிட 31,000 மடங்கு விசையில் சுழற்றி, படிந்ததை நீக்கியபோது அது உறைய எடுத்துக்கொண்ட நேரம் நீண்டது. படிவைத் திரும்பச் சேர்த்தால் குறைந்தது. படிந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அதன் வேலை மட்டும் தெரிந்தது. 1967இல் பிரிட்டனில் பீட்டர் வுல்ஃப் அதைத் தட்டணுக்களிலிருந்து உதிரும் தூசு என்று எழுதினார். 1980களில் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டன், செம்மறியாட்டின் முதிராச் சிவப்பணுக்கள் தமக்கு இனித் தேவைப்படாத டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைச் சிறு பைகளில் ஏற்றி வெளியேற்றுவதைக் கண்டார். 1987இல் அவற்றை எக்ஸோசோம் என்று அழைத்தார். 1996இல் கிராசா ரபோசோவும் உடனிருந்தோரும், பி லிம்ஃபோசைட்டுகள் விடும் பைகள் டி செல்களைத் தூண்டக்கூடியவை என்று காட்டினார்கள். தட்டணு, சிவப்பணு, வெள்ளையணு என்று வரிசையாக எல்லாமே இரத்தத்தின் செல்கள். இந்தத் துறை பிறந்த வீடே இரத்தம்தான். ஆனால் நுண்பையைத் தனியாக எடுப்பதற்கு இரத்தத்தைவிடச் சிக்கலான திரவம் உடலில் வேறு இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஏனென்றால், இன்றும் ஆய்வுக்கூடங்களில் மேற்கோளாகக் காட்டப்படும் சுழற்சிமுறை முதன்மையாகச் செல் வளர்ப்புக் குடுவையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. 2006இல் குளோதில்த் தேரி முதலானோர் எழுதிவைத்த செய்முறையின் படிகள் இந்தத் துறையில் நுழையும் மாணவர் எவருக்கும் மனப்பாடம்: 300 மடங்கு விசையில் 10 நிமிடம், செல்கள் போகும்; 2,000இல் 10 நிமிடம், செத்த செல்கள் போகும்; 10,000இல் 30 நிமிடம், பெரிய துணுக்குகள் போகும்; கடைசியாக 1,00,000இல் 70 நிமிடம். குடுவையிலும் சிக்கல் உண்டு. செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் கன்றின் சீரத்துக்குள் மாட்டின் நுண்பைகள் நிறைந்திருக்கின்றன. முன்கூட்டியே அதை இரவு முழுதும் சுழற்றி அவற்றைக் களையாவிட்டால் மனித லுக்கீமியா செல்லின் செய்தி என்று நினைத்து மாட்டின் ஆர்என்ஏவை வாசிக்க நேரும். அதையாவது முன்னெச்சரிக்கையால் குறைத்துக்கொள்ளலாம். பிளாஸ்மாவில் அப்படிக் களைவதற்கு வழியில்லை. ஒரு லிட்டரில் 60 முதல் 80 கிராம் வரை புரதம் கரைந்திருக்கும் திரவம் அது. கொழுப்பைச் சுமந்து திரியும் லிப்போபுரோட்டீன் துகள்கள் எண்ணிக்கையில் நுண்பைகளைவிட லட்சம் மடங்குக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மல்டிபிள் மைலோமா நோயாளியின் பிளாஸ்மாவிலோ ஒரே வகை இம்யூனோகுளோபுலின் பெருகி, திரவமே தடித்துப்போயிருக்கலாம். தடித்த திரவத்தில் துகள்கள் மெதுவாகவே இறங்கும். நலமாக இருப்பவரின் பிளாஸ்மாவுக்கும் மைலோமா பிளாஸ்மாவுக்கும் 70 நிமிடம் என்ற ஒரே அளவு வைத்தால், ஒருவரிடமிருந்து எடுத்தது மற்றவரிடமிருந்து எடுத்ததற்கு நிகராகாது. நோயே இயந்திரத்தின் கணக்கை மாற்றிவிடுகிறது.

விசை ஒன்றாக இருந்தாலே போதாது. ரோட்டர் சாய்ந்ததா, வாளி வெளியே வீசி நிற்பதா, குழாயின் நீளம் என்ன என்பதைப் பொறுத்து ஒரே 1,00,000 மடங்கும் ஒரே 70 நிமிடமும் வேறுவேறு படிவைத் தரும். துகள் குழாயின் சுவரை எட்டக் கடக்க வேண்டிய தொலைவு ஒவ்வொன்றிலும் வேறு. பல ஆய்வுக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ரோட்டரின் பெயர் இல்லாமல் விசையும் நேரமும் மட்டும் அச்சாவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வேறொரு ஊரில் இருக்கும் மாணவர் அதை அப்படியே செய்து பார்த்து, தன் கையில்தான் பிழை என்று மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். இத்தனை விசையில் சுவரோடு அழுத்தப்படும் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன, சில உடைகின்றன, நடுவில் அகப்பட்ட புரதமும் கூடவே வருகிறது. உப்புக்கரைசலில் கழுவி மறுபடி சுழற்றினால் புரதம் குறையும், பைகளும் குறையும். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். நெடுங்காலம் எக்ஸோசோமின் அடையாளமாகக் கருதப்பட்டது கிண்ணம்போல் நடுவில் குழிந்த வடிவம். அது மாதிரியை நிலைப்படுத்தி உலர்த்தும்போது நேரும் சுருக்கம் என்பது பிறகு தெளிவானது. உலர்த்தாமல் உறையவைத்துப் பார்த்த படங்களில் பைகள் உருண்டையாகவே இருக்கின்றன. ஒரு காலம் முழுவதும் தயாரிப்பின் தடயத்தையே பொருளின் உருவமாக எடுத்துக்கொண்டிருந்தது என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

சுழற்றாமல் பிரிக்கும் வழியும் உண்டு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸால் ஆன நுண்துளை மணிகளை ஒரு கண்ணாடிக் குழலில் நிரலாக நிரப்பி, மேலே பிளாஸ்மாவை விட்டு, கீழே சொட்டுவதைப் பகுதிபகுதியாகப் பிடிப்பார்கள். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழைந்து நுழைந்து வரும் சிறுபிள்ளைகள் பின்தங்க, பெரியவர்கள் நேராக நடந்து முன்னால் போய்விடுவதுதான் இங்கும் நடக்கிறது. சிறிய புரதங்கள் மணியின் துளைகளுக்குள் புகுந்து தாமதமாகின்றன. துளைக்குள் நுழைய முடியாத பெரிய பைகள் முதலில் இறங்கிவிடுகின்றன. 2014இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஒரு செய்முறையில் 10 மி.லி. நிரலில் 1.5 மி.லி. திரவத்தை விட்டு அரை மி.லி. வீதம் பிடித்தபோது, 9 முதல் 12 வரையான பகுதிகளில் நுண்பைகள் வந்தன; புரதமும் சிறிய லிப்போபுரோட்டீன்களும் வெகுநேரம் கழித்தே வந்தன. விசை இல்லை, நசுக்கல் இல்லை, கால் மணி நேரத்தில் வேலை முடிகிறது. இந்த முறையைக் கண்ட எவருக்கும் நிம்மதி வரும். ஆனால் அளவால் பிரிக்கும் எதுவும் அளவொத்த இரண்டைப் பிரிக்காது. கல்லீரல் விடும் மிகக்குறைந்த அடர்த்தி லிப்போபுரோட்டீன்கள் 30 முதல் 80 நானோமீட்டர். சாப்பிட்டபின் குடலிலிருந்து வரும் கைலோமைக்ரான்கள் அதைவிடப் பெரியவை. அவையும் அதே 9, 10, 11ஆம் பகுதிகளில் இறங்குகின்றன. துகள்களின் அசைவைப் படம்பிடித்து எண்ணும் கருவிக்கு இரண்டும் ஒளிப்புள்ளிகள்தான். நோயாளி காலையில் என்ன சாப்பிட்டார் என்பது 'ஒரு மி.லி.க்கு இத்தனை நுண்பைகள்' என்ற எண்ணுக்குள் சத்தமில்லாமல் புகுந்துவிடும்.

அடர்த்தியால் பிரித்தால்? அயோடிக்சனால் என்ற கரைசலின் அடர்த்தி அடுக்குகளில் இரவு முழுதும் சுழற்றினால் லேசான லிப்போபுரோட்டீன்கள் மேலே மிதக்கும், நுண்பைகள் தமக்குரிய அடர்த்தியில் நிற்கும். ஆனால் உயர் அடர்த்தி லிப்போபுரோட்டீனும் அதே அடுக்கில் வந்து நிற்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் என்பதால் இரண்டையும் சேர்க்கிறார்கள்: முதலில் அடர்த்தி, பிறகு அளவு. படிவு தூய்மையாகிறது, கூடவே அற்பமாகிறது. வளர்ப்புக் குடுவைகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். ஹீமோகுளோபின் சரிந்துபோன அக்யூட் மைலாய்ட் லுக்கீமியா நோயாளியிடம் இன்னும் இரண்டு குழாய் இரத்தம் கேட்பது அப்படியல்ல. இதனாலேயே, பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்து எல்லாவற்றையும் திரிய வைத்துப் படியவிடும் தயார்நிலைப் பெட்டிகள் மருத்துவமனை ஆய்வுகளில் பரவியிருக்கின்றன. வைரஸ்களைத் திரட்டுவதற்காக வந்த முறை அது. கொஞ்சம் பிளாஸ்மா போதும், பெரிய இயந்திரம் வேண்டாம். வருவதில் எவ்வளவு நுண்பை, எவ்வளவு புரதம் என்பதுதான் கேள்வி.

இதுவரை சொன்ன தொல்லைகள் எந்தப் புற்றுநோய்க்கும் பொதுவானவை. இரத்தப் புற்றுநோயில் வேறொன்று இருக்கிறது. அதுதான் உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது. கணையத்திலோ மார்பிலோ வளரும் கட்டியின் நுண்பை இரத்தத்துக்குள் வரும்போது அது வெளியிலிருந்து வந்தது. லுக்கீமியாவில் நோயும் அதே இரத்தம், சூழலும் அதே இரத்தம். நலமான ஒருவரின் பிளாஸ்மாவில் உள்ள நுண்பைகளில் பெரும்பங்கு தட்டணுக்களும் சிவப்பணுக்களும் விட்டவை. லுக்கீமியாவோ எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொண்டு தட்டணு உற்பத்தியையே நிறுத்துகிறது. மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது சில ஆயிரங்களாக விழுகிறது. இப்போது நோயாளிகளின் நுண்பைப் படிவையும் நலமானவர்களுடையதையும் ஒப்பிட்டு, நோயாளிகளிடம் இன்னின்ன புரதம் குறைவு, இன்னின்ன ஆர்என்ஏ விகிதத்தில் கூடுதல் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் எவ்வளவு லுக்கீமியா செல்லின் பேச்சு, எவ்வளவு தட்டணுக்களின் இன்மை? நுண்பையின் பொது அடையாளங்களாகக் கொள்ளப்படும் சிடி9, சிடி63 இரண்டும் தட்டணுக்களிடம் தாராளமாக இருக்கின்றன. தட்டணு குறைந்ததைக் காட்ட அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் தேவையில்லை. எந்த ஊர் ஆய்வகத்திலும் சில நிமிடங்களில் எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் கூர்மையானது. தட்டணு 10,000க்குக் கீழே இறங்கினால், கசிவு இல்லாவிட்டாலும் கொடையாளியின் தட்டணுக்களை ஏற்றுவது பல இடங்களிலும் வழக்கம். அந்தப் பைகள் அறை வெப்பநிலையில், தட்டில் ஆடியபடி, பொதுவாக ஐந்து நாள் வரை வைக்கப்படுகின்றன. சிவப்பணுப் பைகள் குளிர்பெட்டியில் 42 நாள் வரை இருக்கலாம். வைத்திருக்க வைத்திருக்க இரண்டிலும் நுண்பைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஏற்றப்படுவது செல்கள் மட்டுமில்லை, அந்த நாட்களில் உதிர்ந்தவையும்தான். விலங்குச் சோதனைகளில் ஊசியாகச் செலுத்தப்பட்ட நுண்பைகள் பெரும்பாலும் நிமிடக்கணக்கில் இரத்த ஓட்டத்திலிருந்து மறைந்துவிடுகின்றன என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் ஏற்றப்பட்ட தட்டணுக்கள் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டு புதிதாக விட்டுக்கொண்டே இருக்கும். ஆக, தீவிரச் சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் கையிலிருந்து எடுத்த 5 மி.லி. இரத்தத்தில் அவருடைய நோயின் பைகள், அவருடைய மிச்ச நல்ல செல்களின் பைகள், முன்பின் அறியாத யாரோ இருவர் மூவரின் பைகள் எல்லாம் கலந்திருக்கின்றன. எந்த விசையும் எந்த நிரலும் இவற்றைப் பிரிக்காது. அளவிலும் அடர்த்தியிலும் அவை ஒன்றே.

பிரிக்கக்கூடியது ஆன்டிபாடி மட்டும்தான். பிட்ஸ்பர்க்கில் தெரசா வைட்சைட் குழுவினர் செய்தது இதைத்தான்: லுக்கீமியா முன்செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி34ஐப் பற்றும் ஆன்டிபாடியைக் காந்த மணிகளில் ஏற்றி, நோயாளியின் பிளாஸ்மாவிலிருந்து அந்த அடையாளம் தாங்கிய பைகளை மட்டும் இழுத்தார்கள். 2014இல் வெளியான அந்த வேலை, இந்தத் துறையில் 'யாருடைய பை' என்ற கேள்வியை முகத்துக்கு நேரே எதிர்கொண்ட முயற்சிகளில் ஒன்று. அதற்கு உரிய மதிப்பைத் தராமல் இருக்க முடியாது. அதன் எல்லையும் அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லா அக்யூட் மைலாய்ட் லுக்கீமியாவும் சிடி34 தாங்குவதில்லை. என்பிஎம்1 மரபணு மாற்றம் கொண்டவற்றில் பல அதைக் காட்டுவதே இல்லை. நோய் திரும்பும்போது மேற்பரப்பு அடையாளங்கள் மாறியிருக்கவும் கூடும். ஆன்டிபாடி எதைத் தேடச் சொன்னோமோ அதைக் கொண்டுவரும். தேடத் தெரியாதது கழுவிய நீரோடு தொட்டிக்குப் போய்விடும். மணியில் பற்றியதை முழுசாக விடுவிப்பதும் எளிதல்ல. அமிலத்தால் கழற்றினால் பையின் மேற்பரப்பு பழைய நிலையில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில் வந்திருக்கும் கண்டுபிடிப்புகளைப் பொய் என்று தள்ளிவிட முடியுமா? முடியாது, தள்ளவும் கூடாது. 2011இல் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து வந்த ஆய்வு, தீவிர பி செல் லிம்ஃபோமா விடும் பைகளின்மேல் சிடி20 இருப்பதையும், அந்த சிடி20ஐத் தேடிப் பற்றும் ரிட்டுக்சிமாப் மருந்து செல்லைப் போய்ச் சேராமல் அந்தப் பைகளில் ஒட்டிக்கொள்வதையும் காட்டியது. மருந்து வழியிலேயே செலவாகிவிடுகிறது. 2015இல் லக்சம்பர்க் குழு, நாள்பட்ட லிம்ஃபோசைட் லுக்கீமியாவின் பைகளை உட்கொண்ட எலும்பு மஜ்ஜைத் தாங்குசெல்கள் புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் வகையாகத் திரும்புவதைக் கண்டது. 2016இல் ஆம்ஸ்டர்டாம் குழு, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா நோயாளிகளின் பிளாஸ்மாவை அகரோஸ் நிரலில் பிரித்து, நுண்பைப் பகுதியில் உள்ள சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் சிகிச்சை பலித்தவர்களிடம் இறங்குவதைப் பதிவுசெய்தது. அக்கறையோடு செய்யப்பட்ட வேலைகள். அதேசமயம் 2011இலேயே, பிளாஸ்மாவின் மைக்ரோ ஆர்என்ஏக்களில் பெரும்பகுதி பைகளுக்குள் இல்லை, ஆர்கனாட் என்ற புரதத்தோடு வெளியே திரிகின்றன என்று ஓர் ஆய்வு சொன்னது. 2014இல் இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு மைக்ரோ ஆர்என்ஏ பைக்கு ஒன்றுகூட இல்லை, தாராளமாக இருக்கும் வகையில் ஒரே ஒரு பிரதியைக் காணவே சராசரியாக நூறு எக்ஸோசோமுக்கு மேல் தேட வேண்டும் என்று கணக்கிட்டது. பையொன்று செய்தியைச் சுமந்து போகிறது என்ற எளிய சித்திரத்தை இந்த எண் நெடுநேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறது. செல்மேல் கொட்டிய படிவு வேலை செய்தது உண்மை. அந்தப் படிவில் இருந்த எது வேலை செய்தது? 1946இல் சார்காஃபின் மேசையில் இருந்த கேள்வியும் இதுதான்.

தூய்மையைப் பற்றிய கவலைக்கே எதிர்த்திசையில் ஒரு கவலையும் உண்டு. பிளாஸ்மாவில் நுழைந்த நுண்பையின்மேல் புரதங்கள் வந்து படிந்து ஓர் உறை உண்டாகிறது என்பதை 2021இல் புடாபெஸ்ட் குழுவொன்று விரிவாகக் காட்டியது. இம்யூனோகுளோபுலின், காம்ப்ளிமெண்ட், லிப்போபுரோட்டீனின் புரதங்கள், ஃபைப்ரினோஜென் என்று இத்தனை காலம் மாசு என்ற தலைப்பில் பட்டியலிடப்பட்டவைதாம் பலவும் அந்த உறையில் இருக்கின்றன. உடலுக்குள் ஒரு தாங்குசெல்லோ கொல்லி செல்லோ சந்திப்பது இந்த உறையோடு கூடிய பையைத்தான். மூன்று முறை கழுவி, அடுக்குகளில் மிதக்கவிட்டு, நிரலில் இறக்கி, கடைசியில் சவ்வு மட்டுமாக நிற்கும் பை எந்த நோயாளியின் உடலிலும் எந்தச் செல்லையும் சந்தித்திருக்காமல் இருக்கலாம். கழுவாவிட்டால் எது பை என்று தெரியாது. கழுவினால் அது இரத்தத்தில் இருந்த பை இல்லை. நுண்பையின் எல்லை அதன் சவ்வோடு முடிகிறது என்பது செல் உயிரியல் பாடநூலிலிருந்து வந்த துணிபு. ரிட்டுக்சிமாப் ஒட்டிய லிம்ஃபோமாப் பையில் அந்த மருந்து மாசா, பையின் பகுதியா? அந்தப் பை ஆபத்தாவதே மருந்து அதில் ஒட்டுவதால்தான். அதைக் கழுவி எறிந்துவிட்டு எதை ஆராய்வது?

சர்வதேச நுண்பை ஆய்வாளர் சங்கம் 2014, 2018 ஆண்டுகளிலும், 2023இன் பெயரில் மறுபடியும் நெறிமுறைகளை வெளியிட்டது. 380க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட 2018 ஆவணம், நுண்பைகளை முற்றாகத் தனிமைப்படுத்துவது எட்டக்கூடிய இலக்கல்ல என்பதை நேராகவே சொல்லியது. செல்லின் எந்த உள்ளறையிலிருந்து வந்தது என்று காட்டாதவரை எக்ஸோசோம் என்று எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. 2023இல் இரத்த மாதிரிகளுக்கென்றே தனிக் குறைந்தபட்சப் பட்டியல் ஒன்றும் வந்தது. உறைவைத் தடுக்கக் குழாயில் இருந்தது எடிடிஏவா சிட்ரேட்டா, எடுத்து எவ்வளவு நேரத்தில் சுழற்றினார்கள், சிவப்பணு உடைந்து நிறம் ஏறியிருந்ததா, உறையவைக்கும் முன் மிச்சத் தட்டணு எவ்வளவு என்று அது கேட்கிறது. கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். 2,500 மடங்கு விசையில் 15 நிமிடம் வீதம் இருமுறை சுழற்றித் தட்டணுவை நீக்காமல் உறைபெட்டியில் வைத்தால், உருகும்போது அவை உடைந்து துணுக்குகளாகி, பிற்பாடு நுண்பை என்று எண்ணப்படும். வேறொரு நோக்கத்துக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் சேமித்த லுக்கீமியா மாதிரிகளை நுண்பை ஆய்வுக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதை.

இரத்தப் புற்றுநோய் மாதிரிக்கு இன்னும் இரண்டு விவரங்கள் கட்டாயமாக வேண்டும்: எடுத்த அன்றைய தட்டணு எண்ணிக்கை, கடைசியாக இரத்தமோ தட்டணுவோ ஏற்றிய தேதியும் பையின் வயதும். முதலாவது நோயாளியின் கோப்பிலும் இரண்டாவது இரத்த வங்கிப் பதிவேட்டிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. முடிந்தவரை மாதிரியை ஏற்றலுக்கு முன்பே எடுத்துவிடலாம். ஏற்றி முடித்த தட்டணுப் பையிலும் அதன் குழலிலும் எப்படியும் சில மி.லி. தங்கும். அதைக் கழிவுத் தொட்டியில் போடுவதற்கு முன், நோயாளியின் பிளாஸ்மாவை விட்ட அதே நிரலில் அதையும் விட்டு, அதே 9 முதல் 12 வரையான பகுதிகளைப் பிடித்து, இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் இருப்பவற்றை லுக்கீமியாவின் கணக்கில் எழுதுவதற்கு முன் தனியாக ஒரு நிரூபணம் கேட்க வேண்டியிருக்கும்.